மல்லரின் அட்டையும் மலைநாட்டு மங்கையின் அட்டையும்

ஒரு சமூகத்தின் சரித்திரத்தை எழுதப் புகுவோர் கல்வெட்டையும் செப்பேட்டையும் தேடுவது வழக்கம். அரசர் ஆண்ட நாடுகளில் அவை கிடைக்கும். கோயில் கட்டிய வணிகரும் குளம் வெட்டிய தலைவரும் தம் பெயரைக் கல்லிலே பொறித்து வைத்துப் போனார்கள். நம் மலைநாட்டுக்கு வந்த முன்னோரோ கல்லை உடைத்துப் பாதை போட்டவர்கள்; கல்லிலே பெயர் பொறிக்க அவர்களுக்கு நேரமும் இருக்கவில்லை, உரிமையும் இருக்கவில்லை. ஆகவே அவர்தம் வரலாற்றைத் தேடுபவர், பிறர் குப்பையென்று வீசியெறியும் காகிதங்களிடையேயும் தேட வேண்டியவராகிறார். அத்தகைய காகிதங்களுள் ஒன்றைப் பற்றி இம்மலரின் வாசகர்களுடன், சிறப்பாக இளைஞர்களுடன், சிறிது உரையாட விரும்புகிறேன். அதுதான் பழைய படத் தபாலட்டை.

இவ்வட்டைகளைச் சேர்க்கும் பழக்கம் எனக்கு எவ்வாறு ஏற்பட்டதென்பதை முதலிற் கூறிவிடுகிறேன். 1975ஆம் ஆண்டில் கம்பெனித் தோட்டங்கள் அரசுடைமையாக்கப்பட்ட சமயம், ஹற்றனுக்கு அப்பாலுள்ள ஒரு தோட்டத்துத் துரை பங்களாவைக் காலி செய்தார்கள். வேண்டாதவை பின்கட்டிலே குவிக்கப்பட்டன. அங்கே சமையல் வேலை பார்த்த உறவினர் ஒருவர், "படிக்கிற பிள்ளைக்கு உதவும்" என்று சொல்லி, அட்டை கிழிந்த ஆல்பம் ஒன்றை எனக்குக் கொண்டுவந்து தந்தார். எந்தக் காலத்துத் துரை சேர்த்ததோ தெரியாது. அதனுள்ளே ஏறக்குறைய நாற்பது தபாலட்டைகள் இருந்தன. ஒரு பக்கத்தில் ஜப்பான் தேசத்து மல்லன் ஒருவனின் படம். இடுப்பிலே வேலைப்பாடமைந்த முன்றானை தொங்க, மலைபோல் நிமிர்ந்து நிற்கிறான். அதற்கெதிர்ப் பக்கத்திலே தேயிலைக் கூடையுடன் நிற்கும் நம் பெண்ணொருத்தியின் படம். இரண்டும் ஒரே அளவு, ஒரே மாதிரி அச்சு. அவ்விரண்டையும் பார்த்த நாள் முதல் என் மனத்தை விட்டகலாத ஒரு கேள்வியே இக்கட்டுரைக்குக் காரணமாகும்.

தபாலட்டை என்பது நெடுங்காலத்துப் பொருளன்று. 1869ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் முதலாந் திகதி ஆஸ்திரிய ஹங்கேரிய அரசாங்கமே இதனை முதன்முதலில் வெளியிட்டது. அடுத்த ஆண்டில் பிரித்தானியாவும், 1872இல் இலங்கையும், 1879இல் இந்தியாவும் பின்பற்றின. உறை வேண்டாம், அரக்கு வேண்டாம், குறைந்த கட்டணம் போதும் என்பதால் சாதாரண மக்களும் கடிதமெழுதத் தலைப்பட்டனர். தொடக்கத்தில் அட்டையிலே படம் கிடையாது. ஒரு புறம் விலாசம், மறுபுறம் செய்தி, அவ்வளவே. பிரித்தானியாவில் 1894ஆம் ஆண்டிலும் ஜப்பானில் 1900ஆம் ஆண்டிலும் தனியார் தாமே அட்டை அச்சிட்டு விற்க அனுமதி கிடைத்தது. அதன்பின் உலகெங்கும் படத் தபாலட்டை மோகம் பரவிற்று. போகுமிடமெல்லாம் ஓர் அட்டை வாங்கி வீட்டுக்கு அனுப்புவதும், வந்த அட்டைகளை ஆல்பத்திற் செருகி விருந்தினருக்குக் காட்டுவதும் அக்காலத்துப் பெரிய பொழுதுபோக்காயின.

கொழும்புத் துறைமுகம் கீழ்த்திசைக்கும் மேற்றிசைக்கும் இடைநடுவே அமைந்தது. ஜப்பானியக் கப்பற் கம்பெனியாகிய நிப்பன் யூசென் கைஷா 1896ஆம் ஆண்டில் ஐரோப்பாவுக்குக் கப்பல் விடத் தொடங்கியபோது கொழும்பும் அவ்வழியில் ஒரு துறையாயிற்று. யோக்கஹாமாவிலே ஓர் அட்டையும் கொழும்பிலே ஓர் அட்டையும் வாங்கும் பிரயாணிகள் அக்காலத்திற் பலர். ஆகவே மல்லனும் கொழுந்து பறிக்கும் மங்கையும் ஒரே ஆல்பத்திற் சந்தித்ததில் வியப்பில்லை.

முதலில் மல்லனின் அட்டையைப் பார்ப்போம். படத்தின் அடியிலே ஜப்பானிய எழுத்துகள் சில அச்சிடப்பட்டிருந்தன. பல ஆண்டுகளுக்குப் பின், அம்மொழி கற்ற ஒருவரிடம் காட்டியபோது, அவர் நொடிப்பொழுதில் வாசித்துவிட்டார்: "யோகொசூனா ஹிட்டாச்சியாமா." யோகொசூனா என்பது சுமோ மற்போரின் அதியுயர் பட்டம். ஹிட்டாச்சியாமா 1903ஆம் ஆண்டிலே அப்பட்டம் பெற்றவர். அவரோடு உடன் பட்டம் பெற்றவர் அவருக்கு நேரெதிரியான உமேகத்தானி. இவ்விருவரின் போட்டியைக் காணவே சனங்கள் திரண்டனர். 1907ஆம் ஆண்டில் ஹிட்டாச்சியாமா அமெரிக்கா சென்று, வெள்ளை மாளிகையில் ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்டின் முன்னிலையிலே தம் கலையைக் காட்டினார். 1909இல் தோக்கியோவின் ரியோகொக்குப் பகுதியில் சுமோவுக்கெனப் பெரிய மண்டபமொன்று எழுந்தது. மழைக்கும் வெயிலுக்கும் அஞ்சித் திறந்தவெளியில் நடந்த விளையாட்டு கூரையின் கீழ் வந்தது. மல்லரின் புகழும் உயர்ந்தது. மல்லர் படம் அச்சிட்ட அட்டைகள் ஏராளமாய் விற்பனையாயின.

இவ்வட்டைகளைச் சேர்ப்போர் இன்றும் உலகெங்கும் உள்ளனர். அவர்களுக்கு வேலை எளிது. ஏனெனில் ஒவ்வோர் அட்டையிலும் மல்லனின் பெயர் உண்டு; பெரும்பாலும் பட்டமும் உண்டு. அப்பெயரைக் கொண்டு 'பன்சுகே' எனப்படும் தரப்பட்டியலைப் பார்த்தால், அவன் எந்த ஊரான், எந்தப் பருவத்தில் எந்த நிலையில் இருந்தான் என்பதெல்லாம் வெளியாகும். ஒவ்வொரு போட்டிப் பருவத்துக்கும் முன்னால் மல்லர் அனைவரின் பெயரையும் ஊரையும் வரிசைப்படுத்தி அச்சிடும் இப்பட்டியலில், உச்சியிலுள்ளவரின் பெயர் தடித்த எழுத்தாகவும், அடியிலுள்ளவரின் பெயர் மயிரிழை போலவும் இருக்கும். எவ்வளவு சிறிய மல்லனாயினும் அவன் பெயர் விடுபடுவதில்லை. ஹிட்டாச்சியாமா என்ற பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். ஹிட்டாச்சி என்பது அவர் பிறந்த பிரதேசத்தின் பழம்பெயர். 'யாமா' என்றால் ஜப்பானிய மொழியில் மலை. ஊரின் பெயரும் மலையின் பெருமையும் சேர்ந்து ஒரு மனிதனின் பெயராயின.

அந்த அட்டையின் காலத்தையும் நிச்சயிக்கலாம். ஜப்பானிய அட்டைகளின் பின்புறத்தில் 1907ஆம் ஆண்டு முதல் மூன்றிலொரு பங்கு செய்திக்கென விடப்பட்டுக் கோடு இடப்பட்டது. 1918ஆம் ஆண்டு முதல் அக்கோடு நடுவுக்கு வந்தது. என்னிடமுள்ள அட்டையிற் கோடு மூன்றிலொரு பங்கில் இருப்பதால், அது இவ்விரு ஆண்டுகளுக்கும் இடையே அச்சானதென்பது தெளிவு. ஒரு சாதாரண அட்டையிலிருந்து மனிதனின் பெயர், ஊர், பட்டம், காலம் என்ற நான்கும் கிடைத்துவிட்டன.

இனி எதிர்ப் பக்கத்து அட்டைக்கு வருவோம்.

இலங்கையில் ஒளிப்படக் கலை பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலேயே வேரூன்றிவிட்டது. 1860களில் கொழும்பில் ஸ்கீன் என்பாரின் நிலையமும், 1870களில் கண்டியில் சார்ல்ஸ் ஸ்கோவனின் நிலையமும் பேர்பெற்றிருந்தன. 1890ஆம் ஆண்டிலே கொழும்பில் பிளாட்டே கம்பெனி தொடங்கப்பட்டது. நம் நாட்டுப் படத் தபாலட்டைகளிற் பெருந்தொகையானவற்றை வெளியிட்டது அக்கம்பெனியே. அதே காலத்தில் மலைநாட்டின் தோற்றமும் மாறிக்கொண்டிருந்தது. 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பித் தோட்டங்களை அழித்தது. லூல்கந்துரவில் 1867ஆம் ஆண்டு ஜேம்ஸ் டெய்லர் பத்தொன்பது ஏக்கரிற் பயிரிட்ட தேயிலை, அடுத்த இருபது ஆண்டுகளில் மலைகளையெல்லாம் மூடியது. புகையிரதப் பாதை 1884இல் ஹற்றனையும் 1885இல் நானுஓயாவையும் எட்டியது. அப்பாதை வழியே தேயிலைப் பெட்டி கீழே இறங்கிற்று. உல்லாசப் பிரயாணி மேலே ஏறினான். அவனுக்கு விற்பதற்கு அட்டை வேண்டும். அட்டைக்குப் படம் வேண்டும். அருவியும் ஏரியும் சிவனொளிபாத மலையும் படமாயின. அவற்றோடு நம் முன்னோரும் படமாயினர்.

கொழுந்து பறித்தல், கொழுந்து நிறுத்தல், பிரட்டுக்களத்தில் ஆட்கள் நிற்றல், லயத்தின் முன் பிள்ளைகள் விளையாடல் என்று இப்படங்களைச் சில வகைகளுள் அடக்கிவிடலாம். எந்த அட்டையை எடுத்தாலும் அடியிலே ஆங்கிலத்தில் ஒரே மாதிரியான சொற்கள்: 'தேயிலை பறிக்கும் தமிழ்ப் பெண்', 'தமிழ்க் கூலி', 'தமிழ்ப் பெண் பிள்ளை'. அவ்வளவுதான். என்னிடம் இன்று நூற்றுக்கு மேற்பட்ட மலைநாட்டு அட்டைகள் இருக்கின்றன. அவற்றுள் ஒன்றிலேனும் படத்திலிருப்பவரின் பெயர் இல்லை.

ஆல்பம் கிடைத்த அன்று மாலை அதனை என் அப்பாயியிடம் காட்டினேன். அவர் பத்து வயதிற் கூடை தூக்கியவர், எழுத்தறியாதவர். அட்டையை விளக்கின் அருகே பிடித்து நெடுநேரம் பார்த்தார்.

"இது வேலை செய்யிற படம் இல்லப்பா. படத்துக்கு நிக்க வச்சிருக்காங்க" என்றார்.

"எப்படித் தெரியும் அப்பாயி?"

"கூடை வெறுங்கூடை. கொழுந்து இருந்தா கயிறு நெத்தியை இழுக்கும். கழுத்து முன்னுக்கு வளையும். இந்தப் புள்ள நேரா நிக்கிது. இடுப்பில படங்கும் கட்டல. படங்கு கட்டாம மலைக்குப் போனா தேயிலைக் குச்சி சீலையைக் கிழிச்சிப் போடும்."

நான் வியந்துபோனேன். புத்தகம் படித்த எனக்குத் தெரியாதது அவருக்கு ஒரே பார்வையில் தெரிந்தது. பிறகு அவர் படத்தின் காதுப் பக்கத்தை விரலால் தொட்டு, "தண்டட்டி போட்டிருக்கு. அந்தக் காலத்து ஆளு" என்றார். சற்றுப் பொறுத்து, "பேரு எழுதியிருக்கா?" என்று கேட்டார்.

நான் அடியிலிருந்த ஆங்கிலத்தை வாசித்து, "தேயிலை பறிக்கும் தமிழ்ப் பெண் என்று போட்டிருக்கிறது" என்றேன்.

"அது எங்க எல்லாருக்கும் உள்ள பேருதானே. இவ பேரு என்னா?"

என்னால் விடை கூற முடியவில்லை. இன்றும் முடியவில்லை.

படத்தை நம்புவதற்கு முன் அதனை விசாரிக்க வேண்டும் என்பது அன்று நான் கற்ற முதற் பாடம். வண்ண அட்டைகளில் காணும் நிறங்களையும் அப்படியே நம்பலாகாது. எடுக்கப்பட்ட படம் கறுப்பு வெள்ளையே. முதலாம் உலக யுத்தத்துக்கு முன் இத்தகைய அட்டைகள் பல ஜெர்மனியிலே அச்சாயின. அங்கே மலைநாட்டைக் கண்ணாற் காணாத தொழிலாளி தன் மனம்போலச் சேலைக்குச் சிவப்பும் இலைக்குப் பச்சையும் ஏற்றினான். ஆகவே சிவப்புச் சேலையைக் கண்டு நம் பாட்டிமார் சிவப்பே உடுத்தினர் என்று முடிவு செய்துவிடக் கூடாது. காலத்தை அறியவும் வழிகள் உண்டு. பின்புறம் முழுவதும் விலாசத்துக்கென்றே விடப்பட்டிருந்தால் அது மிகப் பழைய அட்டை. பிரித்தானியா 1902ஆம் ஆண்டிலே பின்புறத்தை இரண்டாகப் பிரிக்க அனுமதித்தது. மற்றை நாடுகளும் அடுத்த சில ஆண்டுகளில் அவ்வழியே சென்றன. தபால்தலையிலே விக்டோரியா மகாராணியா, ஏழாம் எட்வேர்டா, ஐந்தாம் ஜோர்ஜா என்று பார்த்தாலும் காலம் ஓரளவு புலப்படும். ஆயின் தபால்தலை கூறுவது அட்டை அனுப்பப்பட்ட காலத்தையே. படம் எடுக்கப்பட்டது அதற்குப் பல ஆண்டு முன்பாகவும் இருக்கலாம். ஒரே படத்தை இருபது முப்பது ஆண்டுகள் திரும்பத் திரும்ப அச்சிட்டு விற்பதும் வழக்கமே.

பெயரின்மை தபாலட்டையோடு தொடங்கியதுமன்று. உலகப் புகழ்பெற்ற ஒளிப்படக் கலைஞர் ஜூலியா மார்கரெட் கமரன் அம்மையார் 1875ஆம் ஆண்டில் இலங்கைக்கு வந்தார். அவருடைய கணவர், 1833ஆம் ஆண்டின் கோல்புறூக் கமரன் சீர்திருத்தங்களால் நம் சரித்திரப் பாடத்தில் இடம்பெற்ற சார்ல்ஸ் ஹே கமரனே. அம்மையார் 1879ஆம் ஆண்டு டிக்கோயாப் பகுதியிலுள்ள கிளென்கேர்ன் தோட்டத்திற் காலமானார். கணவன் மனைவி இருவரின் கல்லறைகளும் பொகவந்தலாவை சென் மேரிஸ் தேவாலய வளவில் உள்ளன. நம்மில் எத்தனையோ பேர் அவ்வழியே அறியாமற் கடந்து போகிறோம். இங்கிலாந்தில் அவர் எடுத்த படங்களில் டெனிசன் என்றும் டார்வின் என்றும் ஹெர்ஷல் என்றும் பெயருண்டு. 1877இல் களுத்துறைக்கு விருந்தாளியாய் வந்த ஓவியர் மரியான் நோர்த் அம்மையாரை எடுத்த படத்திலும் பெயருண்டு. அதே கையால், அதே கருவியால் இந்நாட்டுத் தொழிலாளரையும் கிராமத்தவரையும் அன்போடும் நுட்பத்தோடும் படமெடுத்தார். அவர்களுள் மிகப் பலரின் பெயர் நமக்கு வந்து சேரவில்லை. கலைக்கண் இருந்த இடத்திலும் பெயர் எழுத வேண்டுமென்ற எண்ணம் இருக்கவில்லை.

இங்கே ஒரு விஷயத்தை நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஜப்பானியர் தம் மக்களை மதித்தனர், நம்மைப் பிடித்த வெள்ளையர் மதிக்கவில்லை என்று எளிதாகத் தீர்ப்புக் கூறிவிடலாமென்று நானும் ஒரு காலத்தில் எண்ணினேன். பிறகு ஜப்பானியத் தேயிலைத் தோட்டங்களின் பழைய அட்டைகள் சில கண்ணிற் பட்டன. அங்கும் பெண்கள் வரிசையாய் நின்று கொழுந்து கிள்ளுகிறார்கள்; அங்கும் அடியிலே 'தேயிலை பறித்தல்' என்றுதான் இருக்கிறது; பெயரில்லை. ரிக்ஷா இழுப்பவனுக்கும் பெயரில்லை. அப்படியானால் வேற்றுமை தேசத்தினால் மட்டும் வந்ததன்று. மல்லனைப் பார்க்கப் பணம் கொடுத்தார்கள். அவன் யாரென்று அறிய விரும்பினார்கள். உழைப்பாளியின் உழைப்பை வாங்கினார்கள். அவன் யாரென்று அறிய வேண்டிய அவசியம் அவர்களுக்கு ஏற்படவில்லை. அந்நிய ஆட்சி நம் விஷயத்தில் அந்த மறதியை மேலும் ஆழமாக்கியது என்பதே உண்மை.

நம் முன்னோருக்குப் பெயர் இல்லாமலா இருந்தது? இருந்தது, எழுதவும் பட்டது. தோட்டத்துச் செக்ரோலிலே ஒவ்வொரு நாளும் ஒவ்வொருவர் பெயருக்கும் நேரே புள்ளி விழுந்தது. கங்காணியின் கணக்குக் கொப்பியிலே முற்பணக் கடன் பெயர்வாரியாக ஏறிற்று. அக்கடனைக் குறித்த 'துண்டு' என்ற சீட்டு ஒரு தோட்டத்திலிருந்து மறு தோட்டத்துக்கு மனிதரைப் பொருள்போல மாற்றியது. 1921ஆம் ஆண்டில்தான் அது சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே தமிழகத்திலிருந்து வந்தவருக்குத் தோட்டத்தையும் ஆளையும் குறிக்கும் இலக்கங்கள் பொறித்த தகரச் சீட்டொன்று கொடுக்கும் முறையும் இருந்தது. பெயர் கணக்குக்கு உதவியது, இலக்கம் பிரயாணத்துக்கு உதவியது, முகம் தபாலட்டைக்கு உதவியது. இம்மூன்றும் ஒன்றுசேரவேயில்லை. ஜப்பானிய மல்லனுக்குப் படமும் பட்டியலும் ஒன்றையொன்று விளக்குகின்றன. நமக்கோ படம் ஆல்பத்திலும் பட்டியல் தோட்டக் காரியாலயத்திலும் தனித்தனியே கிடந்து மங்கின.

முகத்துக்குக் கிடைத்த மதிப்பு மனிதருக்குக் கிடைத்ததா என்றும் பார்ப்போம். 1935, 36ஆம் ஆண்டுகளில் இலங்கை அரசாங்கம் நாட்டின் காட்சிகளைக் கொண்ட தபால்தலை வரிசையொன்றை வெளியிட்டது. அதில் ஒன்பது சதத் தலையிலே ஐந்தாம் ஜோர்ஜ் மன்னரின் உருவத்தோடு தேயிலை பறிக்கும் காட்சி இடம்பெற்றது. நாட்டின் அடையாளமென்று உலகுக்குக் காட்டத் தகுந்தது அக்காட்சி. ஆயினும் சுதந்திரம் கிடைத்த அதே 1948ஆம் ஆண்டிலே வந்த பிரஜாவுரிமைச் சட்டத்தால், அக்காட்சியிலுள்ள மக்களிற் பெரும்பாலோர் நாடற்றவராயினர். 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரஸ் சார்பில் எழுவர் பாராளுமன்றம் சென்றிருந்தனர். அடுத்த தேர்தலுக்குள் வாக்களித்தோரின் வாக்கே போய்விட்டது. 1964ஆம் ஆண்டு அக்டோபர் 30ஆந் திகதி சிறிமாவோ சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பார்ப்போம் என்பது ஏற்பாடு. அந்த மீதியையும் 1974இல் சரிபாதியாகப் பங்கிட்டார்கள். இங்கேயும் தொகை மட்டுமே பேசப்பட்டது; பெயர் பேசப்படவில்லை. தேயிலையின் நூற்றாண்டு நிறைவுக்கு 1967ஆம் ஆண்டில் விசேட தபால்தலைகள் வெளிவந்தபோது, தேயிலையை வளர்த்தவரிற் பலர் எந்நாட்டவர் என்பது தீராமலே இருந்தது. எஞ்சியோரின் பிரஜாவுரிமைப் பிரச்சினைக்கு 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

நம்மவருள் பெயர் நிலைத்தவர் இல்லையா என்று நீங்கள் கேட்கலாம். உண்டு. ஹற்றனை மையமாகக் கொண்டு 1931ஆம் ஆண்டில் தோட்டத் தொழிலாளருக்குச் சங்கம் அமைத்த கோ. நடேசய்யரையும், தோட்டந்தோட்டமாகச் சென்று பாடல்களால் மக்களைத் தட்டியெழுப்பிய அவர் துணைவியார் மீனாட்சியம்மையாரையும் அறிவோம். 1940ஆம் ஆண்டு ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்திலே பொலிசாரின் துப்பாக்கிக்குப் பலியான கோவிந்தனையும் அறிவோம். ஆனால் நினைத்துப் பாருங்கள்: ஒரு சாதாரண தொழிலாளியின் பெயர் சரித்திரத்தில் ஏறுவதற்கு அவன் மார்பில் குண்டு பாய வேண்டியிருந்தது. நாற்பது வருஷம் கூடை சுமந்து, பிள்ளை வளர்த்து, ஒரு வழக்குக்கும் போகாமல் இறந்தவளின் பெயர் எங்கே ஏறும்? அதை ஏற்றும் கடமை அவளுடைய பேரப்பிள்ளைகளாகிய நம்முடையதேயன்றி வேறெவருடையதுமன்று.

மலையகத் தமிழர் வரவின் இருநூறாவது ஆண்டை 2023இல் நினைவுகூர்ந்தோம். தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்து சென்றார்கள். அந்த நடையின் உணர்வு ஓராண்டோடு ஓய்ந்துவிடக் கூடாதெனில், நம் இளைஞர் தத்தம் வீட்டிலிருந்தே ஒரு சிறு பணியைத் தொடங்கலாம். என் அநுபவத்தில் கண்ட சில யோசனைகளைக் கூறுகிறேன்.

பழைய அட்டையோ படமோ கிடைத்தால் அதைக் கோந்து பூசி ஒட்டாதீர்கள். பின்புறத்தில்தான் பாதிச் சரித்திரம் இருக்கிறது. ஒட்டினால் அது மறைந்துவிடும். பிளாஸ்டிக்கினால் உருக்கி மூடுவதும் கூடாது. பிறகு பிரிக்க முடியாது. நம் மலைநாட்டுக் குளிரும் மூடுபனியும் காகிதத்துக்குப் பகை. சுவரோடு சேர்ந்த அலுமாரியில் வைத்தால் பூஞ்சணம் பிடிக்கும். உலர்ந்த காகித உறைகளிலிட்டு, தகரப் பெட்டியில் வைத்து, வெயிற் காலத்தில் பெட்டியைத் திறந்து நிழலிற் காற்றாட விடுங்கள். எழுத வேண்டியதைப் பேனையால் எழுதாதீர்கள். மை ஊறிப் படத்தின் முகத்துக்கு வந்துவிடும். மென்மையான பென்சிலால் பின்புறத்து ஓரத்தில் எழுதுங்கள். கைத்தொலைபேசி எல்லாரிடமும் இருக்கின்ற இக்காலத்தில் இருபுறத்தையும் படமெடுத்து வைத்துக்கொள்வதும் எளிது.

அதனினும் முக்கியமானது பெரியவர்களிடம் கொண்டுபோய்க் காட்டுவது. தபாலட்டை எங்கே எடுக்கப்பட்டதென்று அச்சிட்டவன் எழுதாமல் விட்டிருக்கலாம். மலையின் வளைவைக் கொண்டும், ஸ்டோரின் கூரையைக் கொண்டும், கோயில் மரத்தைக் கொண்டும் இடத்தை இனங்காணக் கூடிய முதியவர் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்கள் சொல்வதைத் திகதியிட்டு எழுதிக்கொள்ளுங்கள். அவர்கள் சொன்னது வேறு, நீங்கள் ஊகித்தது வேறு என்பதையும் பிரித்தெழுதுங்கள். பெயர் தெரியாத இடத்தில் ஒரு பெயரைக் கற்பித்து எழுதுவது பெயரில்லாமல் விடுவதினும் பெரிய பிழை. பழைய செக்ரோல்களோ கணக்குக் கொப்பிகளோ எங்கேனும் எஞ்சியிருக்கக் கண்டால், உரியவரின் அனுமதியோடு பிரதி செய்துகொள்ள முயலுங்கள். நம்முடைய பன்சுகே அவைதாம்.

கடைசியாக, உங்கள் வீட்டுச் சுவரில் தொங்கும் படத்தை இன்றே கழற்றிப் பின்புறத்தைப் பாருங்கள். அநேகமாக வெறுமையாயிருக்கும். இன்று பார்க்கும் உங்களுக்கு எல்லா முகமும் தெரியும்; இன்னும் ஐம்பது ஆண்டுகளுக்குப் பின் பார்ப்பவருக்கு ஒரு முகமும் தெரியாது. வெள்ளையன் எழுதாமல் விட்டதற்கு வருந்தும் நாம், எழுதத் தெரிந்தும் எழுதாமல் விட்டோமானால் அப்பழியை யார் மீது சுமத்துவது?

என் அப்பாயி 1978ஆம் ஆண்டிற் காலமானார். அவருக்கென்று இருக்கும் படம் ஒன்றே ஒன்று. பிரஜாவுரிமைப் பத்திரங்களுக்காக ஹற்றனில் எடுத்த குடும்பப் படம். முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, கமராவைப் பார்க்காமல் பக்கத்திலிருக்கும் பேரனைப் பார்த்தபடி இருக்கிறார். படத்தின் பின்புறத்திலே நிலையத்துக்காரர் எழுதிய இலக்கம் மட்டுமே இருந்தது. அதன் கீழே பென்சிலால் அவர் பெயரையும், அவர் தாயார் பெயரையும், பிறந்த தோட்டத்தையும், அவர் கொழுந்தெடுத்த மலைகளின் பெயர்களையும் எழுதி வைத்தேன். எழுதி முடிக்க ஐந்து நிமிஷம் ஆயிற்று.

ஆல்பத்திலிருந்த அந்தப் பெண்ணின் அட்டை இப்போதும் என்னிடம் உண்டு. அதன் பின்புறத்தில் நான் ஒன்றும் எழுதவில்லை. ஓரத்திலே சிறிது இடம் விட்டு வைத்திருக்கிறேன். அவள் பெயரை அறிந்த எவரேனும் என்றேனும் வந்தால், எழுதுவதற்குப் பென்சிலும் அதே பெட்டியில் இருக்கிறது.